ஓடிற் முடிந்த கொப்பிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் எங்கள் பக்கத்துக் கோயிலொன்றில் பாலஸ்தாபனம் முடித்துத் திருப்பணி தொடங்கினார்கள். மடப்பள்ளிக் கூரையைப் பிரித்தபோது பரணிலிருந்து ஒரு மரப்பெட்டி இறங்கியிருக்கிறது. உள்ளே சிவப்பு மட்டைக் கணக்குக் கொப்பிகள் பத்துப் பன்னிரண்டு. மேலே கிடந்த இரண்டைக் கறையான் தின்றுவிட்டது, அடியில் கிடந்தவை நன்றாகத்தான் இருந்தன என்று மேசன் சொன்னார். நான் கேள்விப்பட்டுச் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது, உக்கிய கிடுகோடும் உளுத்த சிலாகையோடும் சேர்த்து எல்லாவற்றையும் கொளுத்தி முடித்திருந்தார்கள். நிர்வாகசபைத் தம்பி ஒருவரிடம் கேட்டேன். "ஐயா, அது முப்பதாம் நாப்பதாம் ஆண்டுக் கணக்கு. எல்லாம் எப்பவோ ஓடிற் முடிஞ்சுது" என்றார். ஓடிற் என்றால் கணக்காய்வு. நல்ல பிள்ளை, வேலைக்குப் பின்னடிக்காதவர். அவரைக் குற்றம் சொல்லவோ கோயிலின் பேரைப் பத்திரிகையில் போடவோ எனக்கு மனமில்லை.

அந்தக் கொப்பிகளில் ஒன்றை நான் 1986இல் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். நான் நில அளவையாளன். கோயில் காணியை அளக்கப் போன இடத்தில் எல்லைத் தகராறு வந்தது. கோயில் காரியங்களைப் பார்க்கிற அப்போதைய மணியகாரர் பெட்டியைத் திறந்து ஒரு கொப்பியைத் தந்தார். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. கறுப்பு மையில் ஒடுங்கிய எழுத்து. 'மேலைத் தோட்டம் குத்தகை' என்று ஒரு வரி. அதற்குக் கீழே குத்தகைக்காரர் பேர், தகப்பன் பேர், எத்தனை பரப்பு, அந்தப் போகம் போயிலைக் கண்டு வைத்தாரா குரக்கன் விதைத்தாரா என்பதுவரை இருந்தது. செலவுப் பக்கத்தில் ஐயருக்கு அரிசி இத்தனை கொத்து, தேங்காய் இத்தனை, கிணற்றுத் துலா மிதித்ததற்குக் கூலி இத்தனை சதம். துலா மிதித்தவர்களுக்குப் பேர் எழுதப்படவில்லை. 'ஆள் 2' என்று மட்டும் இருந்தது. அந்த ஆள் இரண்டு பேரிடமும் பிறகு வருகிறேன்.

கொப்பிகள் எரிந்ததைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். ஆனால் அதற்குக் கொஞ்ச நாள் முன்னர்தான் ஜேர்மனியிலிருந்து திரும்பியிருந்தேன். மகள் குடும்பம் வடக்கே, பால்டிக் கடற்கரையில் கீல் நகரத்தில் இருக்கிறது. வைகாசியில் போய் ஆவணி கடைசி வரை நின்றேன். மருமகனோடு வேலை செய்கிறவர் ஒருவர் கீலுக்குக் கிழக்கே ஒரு விவசாயக் கிராமத்துக்காரர். அவருடைய தகப்பனுக்கு என் வயதிருக்கும். "உங்கட மாமாவைக் கொண்டு வாருங்கோ, தோட்டம் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டிருக்கிறார். ஒருநாள் போனேன். பிறகு அந்த ஊருக்கு நாலைந்து தரம் போய்வந்தேன்.

ஊரின் பேர் ஃபீஃப்பேர்கன். அவர்களுடைய பழைய பேச்சு வழக்கில் ஐந்து மேடு என்று கருத்து. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். மேடு என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஆனால் முழங்காலளவு உயர்ந்தாலே திட்டி என்று பேர் வைக்கிற யாழ்ப்பாணத்தானுக்கு அது மேடுதான். ஓட்டுக் கூரைகளுக்கு நடுவில் நாணல் வேய்ந்த பழைய வீடுகள் சில நிற்கின்றன. ஒரே கூரைக்குக் கீழே ஒரு பக்கம் மாடு, ஒரு பக்கம் மனிதர், மேலே தானியம் என்று கட்டிய வீடுகள். வண்டிலோடு உள்ளே போகக்கூடிய வாசல். ஆடி ஆவணியில் சுற்றியுள்ள ஊர்களிலெல்லாம் வைக்கோலால் ஆளைவிடப் பெரிய உருவங்கள் கட்டிச் சந்தியில் நிறுத்துகிறார்கள். அறுவடைக் கொண்டாட்டமாம்.

அந்த வட்டாரம் முழுவதற்கும் புறோப்ஸ்டை என்று பேர். புறோப்ஸ்ட் என்பவர் மடத்தின் வெளிக் காரியங்களைப் பார்க்கிற அதிகாரி, கிட்டத்தட்ட எங்கள் கோயில் மணியகாரர். மடம் அங்கிருந்து இருபது கிலோமீற்றர் அளவில் தெற்கே, பிரேற்ஸ் என்ற ஊரில் இருக்கிறது. 1211இல் நிறுவியது. கன்னியர் மடம் என்றால் எங்களுக்கு நினைவுக்கு வருவது பள்ளிக்கூடம். அங்கே அது காணிக்காரர். பிரபுக்களின் பெண்பிள்ளைகளும் லூபெக் நகரத்துப் பெரிய வியாபாரிகளின் பெண்பிள்ளைகளும் துறவியாகச் சேர்ந்த இடம். 1226இல் நான்காம் அடோல்ஃப் என்ற கோமகன் கடற்கரை வரையுள்ள நிலத்தை அந்த மடத்துக்கு எழுதிக் கொடுத்தான். அடுத்த வருடம் போர்ன்ஹோவெட் என்ற இடத்தில் தென்மார்க் மன்னனைத் தோற்கடித்தவன் இவன்தான். பின்னர் அரசை விட்டுத் தானே துறவியானான். அவன் கொடுத்த நிலத்தில் காடு வெட்டி ஊர்கள் எழுந்தன. ஏறக்குறைய இருபது ஊர். ஐந்து மேடும் அதில் ஒன்று.

பக்கத்து ஊர்ப் பேர்கள் சில ஜேர்மன் பேர்களே இல்லை. குரோக்காவ், பஸாடே, லாபோ என்பவை அதற்கு முன்னர் அங்கிருந்த ஸ்லாவ் மக்கள் வைத்தவை. பிரேற்ஸ் என்பதும் ஆற்றங்கரை என்று பொருள்படும் ஸ்லாவ் சொல்தான். அங்குள்ளவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். எங்கள் ஊர்ப் பேர்களைப் பற்றி இங்கே இப்படி ஒரு வரி எழுதினால் அடுத்த கிழமை இதே பக்கத்தில் எனக்கு மூன்று மறுப்புக் கடிதம் வரும். விடுகிறேன்.

சமயச் சீர்திருத்தம் வந்தபோது வேறு இடங்களில் மடங்களை மூடிச் சொத்தை ஆட்சியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. 1542இல் மடம் புரட்டஸ்தாந்து மதத்துக்கு மாறி, பிரபு குடும்பங்களின் மணமாகாத பெண்கள் வாழும் அறநிலையமாக நீடித்தது. கும்பிடும் முறை மாறியது, காணிக்காரர் மாறவில்லை. 1867இல் பிரஷ்யா, ஹோல்ஸ்டைன் என்ற அந்த நாட்டைச் சேர்த்துக்கொண்டு புதிய நிர்வாகம் கொண்டுவரும் வரை ஐந்து மேட்டுக்காரர்கள் மடத்துக் குடிகள். ஆறு நூற்றாண்டுக்கு மேலே ஒரே வீட்டுக்கு நெல் அளந்தது மாதிரி. மடம் இன்றைக்கும் இருக்கிறது. தலைவியும் இருக்கிறார், செங்கல்லால் கட்டிய பழைய தேவாலயமும் இருக்கிறது.

நான் போன கிழவரின் மேசையில் ஒரு தடித்த கோவை இருந்தது. அவருடைய வளவு யார் யார் கையில் இருந்தது என்று பதினேழாம் நூற்றாண்டிலிருந்து வரிசையாகப் பேர். ஒவ்வொருவரும் மடத்துக்கு எவ்வளவு தானியம், எத்தனை கோழி, எவ்வளவு காசு கொடுத்தார்கள் என்ற கணக்கு. பேரன் மொழிபெயர்த்தான். "அம்மப்பா, இவருடைய பாட்டன்ர பாட்டன் ஒருவர் கோழி குறையக் குடுத்ததுக்குத் தண்டம் கட்டியிருக்கிறார்" என்று அவன் சொன்னதும் கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். கோழி குறையக் கொடுத்த பாட்டனை ஒருவருக்குத் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அங்கே பட்டது. எனக்கு என் பூட்டனின் பேருக்கு மேலே ஒன்றும் தெரியாது.

ஓரிடத்தில் கிழவர் விரலை வைத்தார். 1872 நவம்பர் 13. பால்டிக் கடல் ஏறிக் கரையோர ஊர்களை மூடிய நாள். அதற்குப் பிறகுதான் அந்தக் கரையில் அணை கட்டினார்கள். நான் பேரனிடம் பேனையை வாங்கி அதற்குப் பக்கத்தில் ஒரு கடதாசித் துண்டில் 2004.12.26 என்று எழுதிக் காட்டினேன். அவருக்கு விளங்கியது. கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

மடத்துக் குடியாக இருந்தது நல்லதா கெட்டதா என்று கேட்டேன். 'வளைந்த கோலின் கீழே வாழ்வது நல்லது' என்று ஜேர்மனியில் ஒரு பழமொழி இருக்கிறதாம். வளைந்த கோல் என்றால் ஆயரும் மடாதிபதியும் பிடிக்கிற செங்கோல். அதில் உண்மை உண்டு. பக்கத்துப் பிரபுக்களின் பண்ணைகளில் இருந்த குடியானவன் நிலத்தோடு சேர்ந்த அடிமை. பிரபுவைக் கேளாமல் ஊரை விட்டுப் போகவும் முடியாது, கலியாணம் கட்டவும் முடியாது. 1805 ஜனவரி முதலாம் திகதிதான் அந்த நாட்டில் அது சட்டப்படி ஒழிந்தது. புறோப்ஸ்டைக்காரர் அதற்கு முன்னரே வளவைப் பிள்ளைக்குக் கொடுக்கிற உரிமையோடு, ஓரளவு தலைநிமிர்ந்து இருந்தார்கள். கன்னியர்கள் இரக்கமுள்ளவர்கள் என்பதால் என்று நான் நினைக்கவில்லை. இருபது கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறவர், வயலுக்குப் பக்கத்திலேயே மாளிகை கட்டியிருந்த பிரபுவைப் போலக் கிழமை முழுக்க வேலைக்கு இழுக்க முடியாது. அவருக்கு வேண்டியது ஆளல்ல, தானியமும் காசும். அதற்குக் கணக்கு எழுதத்தான் வேண்டும்.

எழுதியும் வைத்தார்கள். 1484இல் தலைவியான அன்னா ஃபொன் புக்வால்ட் என்ற துறவி, மடத்தில் எந்த நாளில் என்ன பாட வேண்டும், எந்த வழக்கத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்று லத்தீனும் ஊர்ப்பேச்சும் கலந்து தன் கையால் ஒரு பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார். கொலம்பஸ் கப்பல் ஏறுவதற்கு முன்னர். அது இன்னும் அந்த மடத்துச் சுவடிக்கூடத்தில் இருக்கிறது. எங்கள் கோயிலில் 1938ஆம் ஆண்டுக் கொப்பி இல்லை.

வேலியைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் தொழிலுக்கு மரியாதையில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதி வரை அங்கே வயல்கள் ஊருக்குப் பொதுவான திறந்த வெளி. ஒவ்வொருவருக்கும் இங்கே ஒரு கீற்று, அங்கே ஒரு கீற்று. எல்லாரும் ஒரே நாளில் விதைத்து ஒரே நாளில் அறுக்க வேண்டும். அப்புறம் அரசாங்கம் அளவைக்காரரை அனுப்பிக் கீற்றுகளை ஒன்றாக்கி, அவரவருக்கு ஒரே துண்டாகப் பிரித்துக் கொடுத்து, எல்லையில் வேலி வை என்றது. அந்த வேலிக்கு க்னிக் என்று பேர். மண்ணை இடுப்பளவுக்கு மேலே அணையாகக் குவித்து, அதன் முதுகில் முள் மரமும் கொட்டை மரமும் நட்டிருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாரியில் அடியோடு தறிக்கிறார்கள். அடிக்கட்டை மறுபடி தழைத்து முன்னைவிட நெருக்கமாக வருகிறது. கிழவர் குனிந்து ஒரு பழைய கட்டையைக் காட்டினார். தறித்துத் தறித்து மனிதன் முழங்கால் சிரட்டை மாதிரி முண்டுமுண்டாக இருந்தது. நான் அவருக்கு எங்கள் கிளுவைக் கதியாலைப் பற்றிச் சொன்னேன். வருடா வருடம் குழை வெட்டித் தோட்டத்துக்குத் தாழ்ப்போம் என்றேன். வேலி சாப்பாடு போடுமா என்று ஆச்சரியப்பட்டார். அங்கே க்னிக்கை அழிப்பது இப்போது சட்டப்படி குற்றம். இங்கே கதியாலைப் பிடுங்கி மதில் கட்டாதவன் வெளிநாட்டுக் காசு வராதவன் என்று பேர் எடுக்கிறான்.

காணி ஒரே பிள்ளைக்குப் போகும். மற்றப் பிள்ளைகள் பங்குக்குக் காசு வாங்கிக்கொண்டு நகரத்துக்கோ கப்பலுக்கோ போவார்கள். தாய் தகப்பன் சின்ன வீட்டுக்கு ஒதுங்குவார்கள். வருடம் இவ்வளவு தானியம், இவ்வளவு வெண்ணெய், இவ்வளவு விறகு என்று மகனிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் திறப்பைக் கொடுப்பார்கள். கேட்க ஒரு மாதிரி இருக்கும். ஆனால் வளவு உடையவில்லை. அதனால்தான் அந்தக் கோவையில் ஒரே வளவுக்கு அத்தனை பேர் வரிசையாக நிற்கிறார்கள். அந்த வட்டாரத்து றை தானியமும் ஓட்ஸும் விதைக்கென்றே வெளியூர்களில் பேர் பெற்றவையாம், பத்தொன்பதாம் நூற்றாண்டில். மொட்டைக்கறுப்பன் விதைநெல்லைத் தேடி அலைகிற எங்களுக்கு அது விளங்கும்.

எங்கள் வழி வேறு. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று பெண்ணுக்கும் ஆணுக்கும் பிரிகிறது. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் நான் ஓய்வுபெற முதல் அளந்த கடைசிக் காணி நாலு பரப்பு, பதினொரு பங்காளி, ஏழு பேர் வெளிநாட்டில், கிணற்றுப் பங்கு தனி. இதற்கெல்லாம் அடிப்படையான தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டம் எப்படி எழுத்தில் வந்தது? ஒல்லாந்தருக்கு வழக்குத் தீர்க்கத் தேவைப்பட்டது. கிளாஸ் இசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி 1707இல் தொகுத்தார், பன்னிரண்டு முதலியார்கள் பார்த்துச் சரி என்றார்கள். தோம்பும் அப்படித்தான், இன்னாரிடம் இவ்வளவு காணி, இவ்வளவு வரி என்று போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எழுதியது. ஒல்லாந்தர் எழுதியவை கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. எங்களிடம் எதையாவது வாங்க வந்தவன்தான் எங்களை எழுதியிருக்கிறான். நாங்களாக எங்களை எழுதிய இடம் கோயில் கணக்கும் காணி உறுதிப் பத்திரமும்தான். உறுதிகளில் பாதி 1990இலும் 1995இலும் போரில் இடம்பெயர்ந்து ஓடின ஓட்டத்தில் போயிற்று. மீதி இருந்தது பரண்.

இனி அந்த 'ஆள் 2'. ஐந்து மேட்டிலும் முழு வளவுக்காரர், சிறு குடிசைக்காரர், கூலிக்காரர் என்று மூன்று அடுக்கு. கிழவரின் கோவையில் கூலிக்காரர் பேர் ஒன்றையும் காணவில்லை. கேட்டேன். அவருக்குக் கொஞ்சம் சங்கடம். அவர்களை ஞானஸ்நானப் பதிவிலும் சாவுப் பதிவிலும்தான் தேட வேண்டும் என்றார். எங்கள் கோயில் கொப்பியைத் திறந்தாலும் அதே சங்கடம் வரும். யார் உள்ளே நின்று அரிசி வாங்கினார், யார் வீதிக்கு வெளியே நின்று கூலி வாங்கினார் என்று அதில் தெரியும். கோயில் காணி எது, பிறகு யாருடைய பேருக்கு எப்படி மாறியது என்பதும் தெரியும். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சில இடங்களில் நினைப்பதற்கு இதுவும் காரணம் என்று நான் ஊகிக்கிறேன். எல்லா இடத்திலும் அல்ல. அனேகமான இடங்களில் வெறும் கவனமின்மைதான். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தவர்களைப் பற்றி நாற்பது வருடத்துக்கு மேலாகப் பேசுகிறோம். மடப்பள்ளிப் பெட்டியை எரித்தது நாங்கள்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. திருப்பணி தொடங்க முன்னர் யாராவது ஒருவர் பரணிலும் வாகனசாலை மூலையிலும் ஒருக்கால் ஏறிப் பாருங்கள். கொப்பி கிடைத்தால் வெயிலில் பரப்ப வேண்டாம், பிளாஸ்டிக் ஒட்டவும் வேண்டாம். நிழலில் விரித்துத் தூசியை மெதுவாகத் தட்டி, பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்தாலே போதும். எங்கள் பிள்ளைகள் தேத்தண்ணிக் கோப்பையை எடுக்காத படமா? ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் சேர்க்கிற நூலகம் நிறுவனம் 2005 முதல் வேலை செய்கிறது. அவர்களிடம் கொடுக்கலாம். கொப்பி கோயிலிலேயே இருக்கட்டும். எவருக்கும் காணி வழக்குப் பயம் இருந்தால் அந்தப் பக்கத்தை மூடி வைத்துக்கொண்டு மற்றதைக் காட்டுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. எரிக்காமல் இருந்தால் சரி.

எங்கள் பக்கத்தில் இன்னும் இரண்டு கோயிலில் தை பிறந்ததும் கூரை பிரிக்கப் போகிறார்களாம். என் சைக்கிளுக்குப் புது டயர் போட்டிருக்கிறேன். எனக்கு இனிப் பரணில் ஏற முடியாது, ஆனால் ஏறுவதற்கு அயல்வீட்டுப் பொடியன் ஒருவன் சம்மதித்திருக்கிறான். நிர்வாகசபைகள் ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டால் வந்து நிற்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர்,
மானிப்பாய்.